வடசென்னையில் ஜாகை பார்க்கலாமா?

"ராயபுரத்திலா வீடு பார்க்கிறாய்? வேறு இடமே கிடைக்கவில்லையா?"

துறைமுகத்துக்கு மாற்றலாகி வருகிறவரும், எண்ணூர்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வருகிறவரும் முதலில் கேட்கும் வார்த்தை இதுதான். சொல்லுகிறவர் பெரும்பாலும் நகரின் தென்பகுதியில் இருக்கும் உறவினராக இருப்பார். பேசின் பாலத்தைத் தாண்டி வடக்கே போய் அவருக்குப் பல வருஷம் ஆகியிருக்கும். சிலர் போயே இருக்க மாட்டார்கள். ஆனால் அபிப்பிராயம் மட்டும் உறுதியாக இருக்கும். "அது பொல்லாத இடம். பெண்டு பிள்ளைகளோடு இருக்க லாயக்கில்லை."

இந்த யோசனையில் பாதி சரி, பாதி தவறு. வடசென்னையில் ஆபத்து உண்டு என்பது சரி. எந்த ஆபத்து என்பதில்தான் தவறு.

திருட்டும் அடிதடியும் எல்லா நகரத்திலும் உண்டு. இங்கே இல்லை என்று யாரும் சாதிக்கப் போவதில்லை. ஆனால் இங்கே குடித்தனம் நடத்துகிறவர் நாள்தோறும் பயப்பட வேண்டியது கத்திக்கு அல்ல. லாரிக்கும், வெள்ளத்துக்கும், புகைக்கும்தான். இந்த மூன்றையும் பாராமல், பேட்டையின் பெயரை மட்டும் கேட்டு ஓடுகிறவரும் ஏமாறுகிறார். வாடகையை மட்டும் கேட்டு வருகிறவரும் ஏமாறுகிறார்.

வந்தவர்களின் ஊர்

அந்நியருக்கு இங்கே இடமில்லை என்று நினைப்பது பெரிய தவறு. வடசென்னையே வெளியூரிலிருந்து வந்தவர்கள் உண்டாக்கிய ஊர்.

திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் அது. காலட்பேட்டை என்பதே ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று.

தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856-ம் வருஷம் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்த ஸ்டேஷனைச் சுற்றி ரயில்வே உத்தியோகஸ்தர்கள் குடியேறினார்கள். வியாபாரத்துக்கு வந்த பார்சிகள் ராயபுரத்தில் தங்கள் அக்கினி ஆலயத்தை அமைத்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் நினைவாக இன்றும் ஒரு பர்மா நகர் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. அசோக் லேலண்டும், என்பீல்டும், விம்கோ தீப்பெட்டி ஆலையும் தொழிலாளர்களை நாலா பக்கமிருந்தும் இழுத்தன. இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

ஆகவே, புதிதாக வருகிறவர் இங்கே விசித்திரப் பிறவி அல்ல. பக்கத்து வீட்டுக்காரரின் பாட்டனாரும் ஒரு காலத்தில் வீடு தேடி வந்தவர்தான்.

பெயருக்குப் பயந்தவர் என்ன செய்கிறார்? வேலை எண்ணூரில், ஜாகை தாம்பரத்துக்கு அப்பால். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நாள்தோறும் பிரயாணம். விடியுமுன் கிளம்பி, குழந்தைகள் தூங்கிய பிறகு வீடு திரும்புகிறார். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

முதல் பயம்: லாரி

துறைமுகம் இருக்கும் இடத்தில் லாரி இருந்தே தீரும். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கத்துச் சாலைகளிலும் வரிசை கட்டி நிற்பதை வடசென்னைக்காரர்கள் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறார்கள். நாற்பது அடி நீளப் பெட்டியைச் சுமந்து திரும்பும் லாரியின் டிரைவருக்கு, பக்கத்தில் சைக்கிளில் போகும் பையன் கண்ணில் படுவது கடினம்.

வீடு தேடுகிறவர் வாசலைப் பார்க்கிறார், சமையலறையைப் பார்க்கிறார், குழாயைத் திருப்பிப் பார்க்கிறார். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியைப் பார்ப்பதில்லை. அந்த வழியை ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அல்ல. வேலை நாளில், பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில். குழந்தை லாரிச் சாலையைக் குறுக்கே கடந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். சாலையின் இந்தப் பக்கத்தில் வேறு வீடு கிடைக்கும்.

ரயில்வே கேட்டும் அப்படியே. சரக்கு ரயில் போகும் பாதையின் கேட் அடைத்தால் எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைத் தரகர் சொல்ல மாட்டார். கேட்டின் அருகே டீக்கடை வைத்திருப்பவரைக் கேட்டால் நிமிஷக் கணக்காகச் சொல்லுவார். பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக் கொண்டு போகும் ஆட்டோவுக்கு அந்த நிமிஷங்கள் பெரிது.

இரண்டாவது பயம்: தண்ணீர்

வடசென்னை தாழ்ந்த பூமி. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர்க் கழிமுகத்தில்தான் கடலைச் சேருகின்றன. மேற்கே ஏரி திறந்தால் கிழக்கே இங்கே தண்ணீர் ஏறும். 2015-ம் வருஷம் டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலையாற்றில் வந்தபோது மணலி புதுநகர் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தோடு மணலி பக்கத்து எண்ணெயும் சேர்ந்து வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பு படிந்தது.

"இந்த வீட்டில் தண்ணீர் வருமா?" என்று கேட்டால், "சொட்டுக்கூட வராது" என்றுதான் வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் வாயைப் பார்க்க வேண்டாம். சுவரைப் பார்த்தால் போதும். கீழே இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பூச்சு இருக்கிறதா? மின்சார மீட்டர் பெட்டியையும் மோட்டார் ஸ்விட்சையும் வழக்கத்தைவிட உயரத்தில் மாட்டியிருக்கிறார்களா? பக்கத்து வீடுகளில் வாசற்படிக்கு மேல் இன்னொரு படி கட்டியிருக்கிறார்களா? தெருவில் எல்லோரும் வாசலை உயர்த்திக் கட்டியிருக்கும்போது ஒரு வீடு மட்டும் தாழ்ந்து கிடந்தால், தெருத் தண்ணீர் முழுவதும் அந்த வீட்டுக்குத்தான்.

இன்னும் சந்தேகமா? எதிர் வீட்டுப் பாட்டியிடம், "2023 டிசம்பரில் அடுப்பை எங்கே தூக்கி வைத்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். பரணில் வைத்தோம் என்றால் அது ஒரு பதில். தூக்கவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்.

வெள்ளத் தண்ணீர் போக, குடிக்கிற தண்ணீர் இருக்கிறது. கடலோரத்துக் கிணறுகளிலும் போரிலும் பல இடங்களில் உப்பு ஏறிவிட்டது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-ல் தொடங்கியது. நாளொன்றுக்கு பத்துக் கோடி லிட்டர் தரும் அளவுக்கு அமைக்கப்பட்டது அது. ஆனாலும் எந்தத் தெருவில் என்றைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். வாசலில் இருக்கும் அடிபம்பை நாலு தடவை அடித்துப் பார்க்க வேண்டும். கையில் சோப்புப் போட்டுப் பார்த்தால் உப்பு தெரிந்துவிடும். நுரை வராத வீட்டில் குடியேறினால், தண்ணீர்க் கேனுக்குக் கொடுக்கும் பணத்தையும் வாடகையோடு கூட்டிக் கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது பயம்: புகை

இந்தப் பயத்தைத்தான் ஜனங்கள் குறைவாகக் கவனிக்கிறார்கள். ஏன் என்றால், வீடு பார்க்க எல்லோரும் பகலில் போகிறார்கள்.

பகலில் திருவொற்றியூரில் கடற்காற்று கிழக்கிலிருந்து ஜிலுஜிலு என்று வீசும். "ஆகா, என்ன காற்று!" என்று மொட்டை மாடியில் நின்று அட்வான்ஸைக் கொடுத்துவிடத் தோன்றும். இரவில் காற்று திசை மாறும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். திருவொற்றியூருக்கு மேற்கே இருப்பது எது? மணலி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் ரசாயன ஆலைகளும் இருக்கும் இடம். மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் ஒன்று என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ம் வருஷத்திலேயே மணலியைக் குறித்து வைத்தது.

ஆகவே பகலில் பார்த்த வீட்டை இரவு பத்து மணிக்கு மேலோ விடியற்காலையிலோ இன்னொரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும். மார்கழி வாடை வடக்கே அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் பக்கமிருந்து வரும். எந்த மாதத்தில் எந்த வாடை என்று அங்கே ஐந்து வருஷம் இருந்தவர் ஒப்பித்துவிடுவார்.

லண்டன் மாநகரிலும் இதே கதைதான். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். கப்பல் துறைகளும் ஆலைகளும் இருந்த கிழக்குப் பகுதி புகையை வாங்கிக் கொண்டது. ஏழைத் தொழிலாளர்கள் அங்கேதான் குடியிருந்தார்கள். புகை போகும் திசையில் வாடகை குறையும் என்பது உலகத்துக்குப் பொதுவான கணக்கு.

புகையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ராயபுரத்தில் ஒரு காலத்தில் துறைமுகத்து நிலக்கரித் தூள் கொடியில் காயும் வேஷ்டியைக் கறுப்பாக்கியது. ஐகோர்ட் உத்தரவின் பேரில் 2011 அக்டோபரிலிருந்து நிலக்கரியும் இரும்புத் தாதுவும் அங்கே இறக்கப்படுவது நின்றது. ராயபுரம் மூச்சு விட்டது. நிலக்கரி எங்கே போயிற்று? எண்ணூர்த் துறைமுகத்துக்கு. 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் கழிமுகத்துக்கு அக்கரையில் வேறு புகைபோக்கிகள் இருக்கின்றன.

2023-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவு நடந்ததையும் வீடு தேடுகிறவர் மறக்கக் கூடாது. எண்ணூர் பெரியகுப்பத்தை ஒட்டிக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக் கொண்டிருந்த ஜனங்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு முதல் எச்சரிக்கை தந்தது அவர்களுடைய மூக்குதான்.

எந்தப் பேட்டை, யாருக்கு?

வயதான தாயாரும் கைக்குழந்தையும் உள்ள குடும்பத்துக்கு ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை நல்ல இடம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம். பிரசவத்துக்கு ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி. மூத்த பையனுக்கு சர் தியாகராயா கல்லூரி. ஜவுளிக்கு எம்.சி. ரோடு. மீன் வேண்டுமென்றால் காசிமேடு. ஆனால் வீடுகள் குறுகலானவை. ஒண்டிக் குடித்தனம் அதிகம். மோட்டார் சைக்கிள் நிறுத்தவே இடம் தேட வேண்டும்.

நடுத்தரச் சம்பளக்காரருக்குத் திருவொற்றியூர் தேரடியும் காலடிப்பேட்டையும் ஏற்றவை. தியாகராஜசுவாமி கோவிலைச் சுற்றிய தெருக்கள் பழமையானவை. ஜன நடமாட்டம் உள்ளவை. இரவு எட்டு மணிக்குப் பூக்காரியும் இட்லிக்காரியும் உட்கார்ந்திருக்கும் தெருவில் வேலை முடிந்து வரும் பெண் பயமின்றி நடப்பாள். பூட்டிய கிடங்குச் சுவர்கள் இரு பக்கமும் நீண்ட தெருவில் அப்படி நடக்க முடியாது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து, மீனம்பாக்கம் விமான நிலையம் வரை வண்டி மாறாமல் போகலாம். அந்த வசதி வாடகையிலும் ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மின்சார ரயிலில் சீசன் டிக்கட் எடுப்பவருக்கு சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி பாதை இன்னும் மலிவு.

கத்திவாக்கம், எண்ணூர், எர்ணாவூர் ஆகிய இடங்களில் வாடகை குறைவு. வேலை அங்கேயே இருக்கும் தனி ஆளுக்கு சௌகரியம்தான். இழுப்பு உள்ள குழந்தையோ, நெஞ்சு சளி உள்ள பெரியவரோ வீட்டில் இருந்தால் வேண்டாம் என்பதே நேர்மையான யோசனை. வாடகையில் மிச்சமாவது டாக்டர் வீட்டுக்குப் போய்விடும்.

காகிதத்தில் எழுதுங்கள்

வீட்டுக்காரர் பத்துக் கேள்வி கேட்கிறார். என்ன உத்தியோகம், எத்தனை பேர், என்ன ஆட்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று சாதியையும் சமையலையும் துருவுகிறார். குடிவருபவர் கேட்பது இரண்டே: வாடகை என்ன? அட்வான்ஸ் என்ன?

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். பல குடும்பங்களுக்குக் கையிருப்பு முழுவதும் அதுதான். 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இருவரும் வேறு விதமாக ஒப்புக் கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். சண்டை வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது.

"நமக்குள் எதற்குக் காகிதம்?" என்று வீட்டுக்காரர் சிரித்தால், குடிவருபவரும் சிரித்துக் கொண்டே காகிதத்தை நீட்டட்டும். மின்சாரத்துக்கு யூனிட் என்ன கணக்கு, மோட்டார் செலவு யாருடையது, வெள்ளை அடிக்கப் பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

தப்பிக்க முடியாதவர்கள்

இவ்வளவும் தேர்ந்தெடுக்க முடிகிறவர்களுக்குச் சொல்லும் யோசனை. தேர்ந்தெடுக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். கடலையும் கழிமுகத்தையும் நம்பிப் பல தலைமுறையாகக் குப்பங்களில் வாழும் மீனவருக்கு, "காற்று சரியில்லை, வேறு பேட்டை பாருங்கள்" என்று சொல்லுவது கேலி.

வடசென்னையின் குறைந்த வாடகையை ஜனங்கள் சலுகை என்று நினைக்கிறார்கள். அது சலுகை அல்ல. நகரம் முழுவதற்கும் வேண்டிய மின்சாரமும் பெட்ரோலும் இறக்குமதிச் சரக்கும் இந்தப் பகுதி வழியாகத்தான் வருகின்றன. அதற்கான விலையில் ஒரு பகுதியை இங்கே குடியிருப்பவர் மூச்சால் கட்டுகிறார். அந்தப் பாக்கியைத் தீர்ப்பது சர்க்காரின் கடமை, ஆலைகளின் கடமை.

பெரிய திட்டங்கள் வரும்போது வரட்டும். உடனே செய்யக் கூடியவை உண்டு. விஷ வாயு கசிந்தால் அடுத்த நிமிஷம் குப்பம்தோறும் சங்கு ஊத வேண்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்று ஜனங்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரிகளை நிறுத்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்திலும் தண்ணீர் ஏறிய உயரத்தைத் தெரு முனையில் கல்லில் குறித்து வைக்க வேண்டும். அந்தக் கல் இருந்தால் எந்த வீட்டுக்காரரும் பொய் சொல்ல முடியாது.

இவற்றைக் கேட்க வேண்டியவர்களில் புதிதாகக் குடிவருபவரும் ஒருவர். "இரண்டு வருஷம்தானே இருக்கப் போகிறோம், நமக்கு ஏன்?" என்று பலர் ரேஷன் கார்டைக்கூட மாற்றுவதில்லை, ஓட்டைச் சொந்த ஊரிலேயே விட்டு வைக்கிறார்கள். இரண்டு வருஷம் என்று வந்தவர்கள் இருபது வருஷம் இருந்துவிடுகிறார்கள். அத்தனை வருஷமும் கவுன்சிலருக்கு அவர்கள் கணக்கில் இல்லாத ஆட்கள்.

ஆகவே வடசென்னையில் ஜாகை பார்க்கலாம். பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, முடிந்தால் நல்ல மழையில் ஒரு தடவை பார்க்க வேண்டும். காகிதத்தில் எழுதிக் கொண்டு குடிபோக வேண்டும். குடிபோன மாதமே ஓட்டையும் அங்கே மாற்றிக் கொள்ள வேண்டும்.